மிக்ஸி ஜாரில் தாய்மாமன் பெயர்

எத்திராஜ் கெட்ட மனிதர் என்று எவளாவது சொன்னால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஆவடி குவார்ட்டர்ஸில் எங்கள் பக்கத்து வீடு. ராணுவத் தொழிற்சாலையில் ஃபிட்டர். யார் வீட்டில் குழாய் ஒழுகினாலும் ஸ்பேனரோடு வந்து நிற்பார், ஒரு டீ கூடக் குடிக்க மாட்டார். அந்த மனிதர் போயும் போயும் ஒரு மிக்ஸியில் மானத்தை விட்டாரே என்றுதான் எனக்கு வயிறு எரிகிறது.

தொண்ணூற்றாறில் தொழிற்சாலை வாசலில் பேங்க் ஆட்கள் மேஜை போட்டுக் கிரெடிட் கார்டு கொடுத்தார்கள். எங்கள் பிளாக்கில் முதலில் வாங்கியவர் அவர்தான். சட்டைப் பையில் அது வெளியே தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டு நடப்பார். "இன்னா பொன்னம்மா, உன் ஊட்டுக்காரர் எப்ப வாங்கப் போறாரு?" என்று என்னைச் சீண்டுவார். கரையான்சாவடியில் ஒரு கடைக்குப் போய், கார்டை வைத்து இழுக்கிற மெஷினில் இழுத்து, மனைவி கஸ்தூரிக்கு மிக்ஸி வாங்கி வந்தார்.

வாங்கின வாரமே அது கருகல் நாற்றம் அடித்து நின்றுவிட்டது. கடையில் சண்டை போட்டார். சும்மா சொல்லக்கூடாது, கடைக்காரர் ஒழுங்காகவே நடந்துகொண்டார். பணம் கார்டுக்கே திரும்பி வந்தது. "பொருளைப் பொட்டியோட பத்திரமா வெச்சிருங்க, நம்ம ஆள் வந்து எடுத்துக்குவான்" என்றார். அந்த ஆள் சுலைமான், கடையில் சாமான் கொண்டுபோய்ப் போடுகிறவன். இன்றைக்கு வருகிறேன், நாளைக்கு வருகிறேன் என்று மாதக்கணக்கில் வராமலே இருந்தான்.

அந்த நேரம் பார்த்து பாரிவாக்கத்தில் அவர் தங்கச்சி தாட்சாயிணியின் மகள் பெரியவளானாள். தாய்மாமன் சீர் இல்லாமல் மஞ்சத்தண்ணி ஏது? கையிலோ காசில்லை. பரண் மேல் மிக்ஸி இருந்தது. கூட வேலை பார்ப்பவர் ஒருவரிடம் கொடுத்துச் சரிசெய்தார். ஓடியது. என் வீட்டுத் தேங்காயைப் போட்டுத்தான் சட்னி அரைத்துப் பார்த்தோம்.

"வாணாம்யா, அது கடைக்காரன் பொருளு" என்று கஸ்தூரி தலையில் அடித்துக்கொண்டாள்.

"துட்டே திருப்பிக் குடுத்துட்டான், இத்த வெச்சிகினு இன்னா பண்ணப் போறான்? மறந்தே போயிருப்பான்."

அத்தோடு விட்டிருந்தாலும் தேவலை. சீர்ப் பாத்திரம் என்றால் பெயர் வெட்டாமல் கொடுப்பார்களா? ஸ்டீல் ஜாரைக் கொண்டுபோய், 'தாய்மாமன் எத்திராஜ்' என்று கொட்டை எழுத்தில் வெட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

மேளத்தோடு போனோம். மிக்ஸித் தட்டை நான்தான் தூக்கினேன். பந்தலில் எல்லாருக்கும் தெரிகிற மாதிரி நடுவில் வைத்தோம். பெண்ணுக்கு மாலை போட எத்திராஜ் எழுந்த நேரத்தில், வேர்த்து விறுவிறுத்து வந்து நின்றான் சுலைமான். குவார்ட்டர்ஸில் விசாரித்து, சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்திருக்கிறான். பாவம், அவனாகவே ஓரமாகக் கூப்பிட்டு மெதுவாகத்தான் பேசினான்.

"சார், அந்த மிக்ஸி. ரிப்பேர் சாமான் எடுக்க கம்பெனி வண்டி இன்னிக்கு வந்துகீது. இப்ப குடுக்கலன்னா என் சம்பளத்துல புடிச்சிருவாங்க சார்."

சொந்தக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அந்த ஒரு நிமிடத்தில் எத்திராஜுக்குப் புத்தி எங்கே போனதோ தெரியவில்லை. "யார்ரா நீ? எந்தக் கடைடா? நல்ல காரியத்துல வந்து கலாட்டா பண்றியா?" என்று கத்தினார்.

சுலைமான் முகம் செத்துப்போனது. "துட்டு உங்க கார்டுக்கே திரும்பி வந்திச்சே சார்" என்றான். அது பந்தல் முழுக்கக் கேட்டது. எனக்குப் பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது. தட்டைத் தூக்கியவள் நான்தானே.

தாட்சாயிணி எழுந்து வந்தாள். யார் முகத்தையும் பார்க்கவில்லை. தட்டிலிருந்த மிக்ஸியை எடுத்து, மேலே வெற்றிலை பாக்கு வைத்துச் சுலைமான் கையில் கொடுத்தாள்.

"நான்தான் மாத்தித் தரச் சொன்னேன் பாய். எங்க ஊட்டுக்கு இது சின்னது. பெருசா வேணும்னு அண்ணங்கிட்ட கேட்டுகினு கீறேன்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு, "மாலையப் போடுண்ணா, நேரமாவுது" என்றாள். எத்திராஜ் மாலை போட்டார்.

பெயர் வெட்டின பொருளைக் கம்பெனி எடுக்குமா? எடுக்கவில்லை. சுலைமான் சம்பளத்தில்தான் பிடித்தார்கள். மோட்டார் காயலாங்கடைக்குப் போனது. ஜார் மட்டும் கடை மேஜையில் ஸ்குரூ போட்டு வைக்க நின்றுவிட்டது. பல்பு வாங்கப் போனவள் கண்ணால் பார்த்தேன், பெயர் ரோட்டைப் பார்த்து இருந்தது. எத்திராஜ் அதற்குப் பிறகு ஒரு ஃப்யூஸ் வயருக்குக்கூட அம்பத்தூர்தான் போவார். கார்டைக் கத்தரியால் வெட்டிப் போட்டார். யார் வீட்டுக் குழாய் ஒழுகினாலும் கஸ்தூரியிடம் ஸ்பேனரைக் கொடுத்தனுப்புவாரே தவிர, தான் வரமாட்டார்.

பொங்கலுக்கு, போனஸில் பெரிய மிக்ஸி ஒன்று வாங்கினார். பாரிவாக்கத்துக்குப் போகத் துணைக்கு என்னையும் இழுத்தாள் கஸ்தூரி. வாசலிலேயே நாகம்மாள், தாட்சாயிணியின் நாத்தனார், பிடித்துக்கொண்டாள்.

"வாப்பா! மாமன் சீருன்னா இப்பிடி இருக்கணும்! நீ குடுத்த மிக்ஸி இன்னாமா ஓடுது தெரியுமா?"

எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. உள்ளே மிக்ஸி ஓடுகிற சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தோம். புத்தம் புது மிக்ஸி. ஜாரில் 'தாய்மாமன் எத்திராஜ்' என்று வெட்டியிருந்தது. எத்திராஜ் வாங்கின மிக்ஸியோ அவர் கையில், துணிப்பைக்குள் பெட்டியோடு இருக்கிறது.

தாட்சாயிணி எங்களைப் பார்த்ததும் மிக்ஸியை நிறுத்திவிட்டு ஓடி வந்தாள். சீட்டு எடுத்து வாங்கியிருக்கிறாள், புருஷனுக்குக்கூடத் தெரியாமல். அண்ணன் கைப்பையில் தெரிந்த பெட்டியைப் பார்த்தவள், அதன் மேல் தன் முந்தானையை இழுத்துப் போட்டு மறைத்தாள்.

"ஐயோ, இத்த யாரும் பாக்கறதுக்குள்ள எடுத்துகினு போண்ணா. நீ வாங்கிக் குடுத்தது ஏற்கெனவே உள்ள கீது."