பிரதம அதிதியின் கையிலிருந்து பறித்த கைத்துவக்கு

இன்று நான் சந்தித்தது கஜானி அக்காவை. அமிர்தகழியில் தையல் கடை வைத்திருக்கிறார். மட்டக்களப்புப் பக்கம் பள்ளிக்கூட இல்ல விளையாட்டுப் போட்டிகளுக்குப் போனவர்கள் அவரைக் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். ஓட்டம் தொடங்கும் கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு வாங்குப் பலகையின் மேல் ஏறி நின்று, கையை வானத்துக்கு நீட்டி வெடி வைப்பாரே, அவர்தான். பிள்ளைகள் எல்லாருக்கும் அவர் "வெடியக்கா". வீட்டுக்கு வந்து சாப்பிடாமல்கூட இதை எழுதுகிறேன். பிழைகள் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் போனது அவர் வெடி வைக்கும் அந்தக் கைத்துவக்கைப் பார்க்கத்தான். பழைய இயந்திரம் எது கண்ணில் பட்டாலும் திறந்து பார்க்கிற ஆசை எனக்கு. இது உள்ளங்கைக்குள் அடங்கிவிடுகிறது. ஆறு தோட்டா போகும் உருளை, தேய்ந்துபோன மரக் கைப்பிடி. குழாயின் வாய் இரும்பால் அடைத்திருக்கிறது. நெருப்பும் புகையும் மேலே உள்ள ஒரு துளையால் வெளியே வரும். குண்டில்லாத சின்னப் பித்தளைத் தோட்டா. அதன் பின்பக்க விளிம்பில் ஊசி அடித்தால் வெடிக்கும். இப்படிப்பட்டதை நான் படத்தில் மட்டும்தான் பார்த்திருந்தேன்!

அது அக்காவின் அப்பா நல்லரத்தினம் மாஸ்டருடையது. விளையாட்டு ஆசிரியராக இருந்தவர். அவுஸ்திரேலியாவுக்குப் போன ஒரு பறங்கி இனத்து மாஸ்டர் அவருக்குக் கொடுத்துவிட்டுப் போனாராம். சண்டைக் காலம் முழுக்க அது பொலிஸின் பொறுப்பில் கிடந்தது. மாஸ்டர் இரண்டு பலகைகளைத் தட்டித்தான் ஓட்டங்களைத் தொடக்கினார். எல்லாம் முடிந்து துவக்கு திரும்பி வந்தபோது துருப்பிடித்திருந்தது. அதைச் சுத்தமாக்கி, முதல் போட்டியில் ஆசையாக வெடி வைத்தார். கோட்டில் நின்ற பிள்ளைகள் ஒருவரும் ஓடவில்லை. எல்லாரும் குப்புறப் படுத்துவிட்டார்கள்.

அன்றிலிருந்து மாஸ்டர் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டார். போட்டி தொடங்க முதல் சின்ன வகுப்புப் பிள்ளைகளிடம் போய், துவக்கைக் காட்டி, "இது ஓடச் சொல்ற சத்தம்" என்று சொல்லி, வானத்தைப் பார்த்து ஒரு வெடி. அவர் காலமான பிறகு துவக்கும் அந்தப் பழக்கமும் அக்காவிடம் வந்தன.

அக்கா அதை மேசையில் பழைய சாரத் துண்டின் மேல் வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தார். மண்ணெண்ணெய், தேய்ந்த பல் தூரிகை, தையல் மெசின் எண்ணெய். வெடி மருந்தின் கரி உள்ளே நின்றால் இரும்பைத் தின்றுவிடுமாம், வாவிக் காற்றின் உப்பு வேறு. பக்கவாட்டில் வட்டமாகச் சில குழிகள் இருந்தன. என்னவென்று கேட்டேன்.

"அது அம்மாட பக்தி தம்பி," என்று சிரித்தார். "சரஸ்வதி பூசைக்கு மெசினுக்கும் கத்திரிக்கோலுக்கும் பொட்டு வைக்கக்குள்ள இதுக்கும் சந்தனத்தக் குழைச்சு அப்பிப்போட்டா. பூசை முடியிற வரைக்கும் ஒருத்தரும் தொடக் கூடாதாம். ஈரச் சந்தனம் இரும்பத் திண்டிட்டு. இப்ப பொட்டெல்லாம் பெட்டிக்கு மட்டும்தான்."

என் விரல் தன்பாட்டில் விசைக்குப் போனது. கையில் ஒரு தட்டு விழுந்தது.

"சும்மா இழுக்காதீங்க! உள்ளுக்குத் தோட்டா இல்லாட்டி ஊசி போய் இரும்பு விளிம்பிலதான் குத்தும். அது நசிஞ்சா மறுகா தோட்டா போகாது. வாற ஆக்கள் எல்லாருக்கும் இதக் கண்டா டிக் டிக் எண்டு இழுத்துப் பாக்கோணும்."

மன்னிப்புக் கேட்டேன். அவர் கைப்பிடியைத் திரும்பவும் துடைக்கத் தொடங்கினார். ஏற்கனவே பளபளவென்றுதான் இருந்தது. அப்போதுதான் அவரின் இடது உள்ளங்கையைக் கவனித்தேன். சிவந்து, தோல் உரிந்து இருந்தது.

"எத்தினை தரம் துடைச்சும் அரியண்டம் போகுதில்ல தம்பி," என்றார். "அந்த ஆள்ட கை பட்டது."

நடந்ததைச் சொல்கிறேன். எந்தப் பள்ளிக்கூடம் என்று எழுத மாட்டேன், கேட்காதீர்கள். நம்மூர்ப் போட்டிகளில் முதல் வெடி, சிறப்பு விருந்தினராக வரும் பிரதம அதிதிக்குத்தான். மாலை, பொன்னாடை, பிறகு வெடி. அதிதியின் கை எங்கேயும் சாயாமல், அக்கா தன் கையை அவர் முழங்கைக்குக் கீழே கொடுத்துத் தாங்கிப் பிடிப்பார். அப்படித்தான் எப்போதும். இந்தத் தடவை வந்தவர் வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவர். வகுப்பறைக் கட்டடம் கட்டிக் கொடுத்தவர். அக்காவின் கையை உதறிவிட்டு, "எனக்குத் தெரியும், நீங்க தள்ளி நில்லுங்க" என்றாராம்.

முதல் ஓட்டம் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளின் பலூன் ஊதி உடைத்தல். ஒரு சின்னப் பிள்ளை பலூனைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கோட்டின் முன்னால் கால் வைத்துவிட்டது. இந்த மனிதர் குனிந்து, துவக்கை அந்தப் பிள்ளையின் முகத்துக்கு நேரே நீட்டி, "பின்னுக்குப் போ, இல்லாட்டிச் சுடுவன்" என்றார். பகிடியாம்.

அந்தப் பிள்ளை இரண்டு கையையும் மேலே தூக்கியது. பலூன் கீழே விழுந்தது.

அதற்கு யார் சொல்லிக் கொடுத்தது? சண்டை முடிந்து எவ்வளவோ காலத்துக்குப் பிறகு பிறந்த பிள்ளை அது! கையைத் தூக்கியதைக் கண்டதும் மைதானமே சிரித்தது. ஒலிவாங்கியில் அறிவிப்பாளர், "எங்கள் பிரதம அதிதி பகிடியும் விடுவார்" என்றார். மேடையில் கைதட்டல். துவக்குக்குள் ஆறு தோட்டாவும் இருந்தன. குண்டில்லாவிட்டாலும், குழாய் அடைத்திருந்தாலும், அவ்வளவு கிட்டத்தில் மேல் துளையால் பாயும் நெருப்பு கண்ணைப் பறித்துவிடும்.

தள்ளி நின்ற அக்கா பாய்ந்து வந்து, அந்த மனிதரின் கையைப் பிடித்து மேலே தள்ளினார். அந்த இழுபறியில் துவக்கு வானத்தைப் பார்த்து வெடித்தது. மேல் துளையால் வந்த நெருப்பு அக்காவின் உள்ளங்கையைச் சுட்டது. அந்தக் கையாலேயே துவக்கைப் பறித்தெடுத்தார். பெட்டியில் வைத்துப் பூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

கை தூக்கி நின்ற அந்தப் பிள்ளையின் காணொளியைச் சிரிக்கும் முகங்களோடு எத்தனை பேர் போட்டிருக்கிறார்கள் தெரியுமா? எனக்கே மூன்று குழுக்களில் வந்தது. தூ!

இதை அவர் சொல்லி முடிக்கும்போது வாசலில் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. அந்தப் பள்ளிக்கூடத்தின் விளையாட்டுக் குழுச் செயலாளர் மதுஷன் சேர் (பெயரை மாற்றியிருக்கிறேன்). கையில் ஒரு பெட்டி மஸ்கற் இனிப்பு.

"என்னக்கா, கட எப்பிடிப் போகுது?"

"போகுது சேர். இருங்க."

"ஒரு சின்ன விசயம். அவர் அடுத்த கிழமை திரும்பிப் போறார். மனவருத்தத்தோட போகக் கூடாதெண்டு அதிபர் சொல்றார். மைதானத்தில ஒரு படம் எடுப்பம். அவர்ட கையில துவக்கு, பக்கத்தில நீங்க. லேசாச் சிரிச்சாப் போதும். தோட்டா ஒண்டும் போடத் தேவல்ல."

"யாரப் பாத்து நீட்டுவார்?"

"ஐயோ அக்கா! ஒருத்தருக்கும் நீட்ட மாட்டார்."

"அண்டைக்கும் நீட்டுவார் எண்டு ஒருத்தரும் சொல்லல்லயே."

"அவர் கெட்ட மனிசன் இல்லக்கா. அந்தக் கட்டடம் யார் கட்டித் தந்தது?"

"அப்ப கட்டடத்தப் பாத்து நீட்டச் சொல்லுங்க."

சிரிப்பை அடக்க நான் இருமினேன். மதுஷன் சேர் என்னை முறைத்தார்.

"அந்தப் புள்ளைட அம்மாவே சிரிச்சவ. நீங்க மட்டும்தான் இதப் பெரிசாக்கிறீங்க."

"ஓம், சிரிச்சவ. மேடையில இரிக்கிற அவ்வளவு பேரும் சிரிக்கக்குள்ள அவ என்ன செய்வா? எழும்பி ஏசுவாவா? மறுகா அந்தப் புள்ள உங்கட பள்ளிக்கூடத்திலதானே படிக்கோணும்."

சேர் கதிரையை முன்னுக்கு இழுத்தார். பிறகு குரலைத் தணித்தார். "அக்கா, வருசா வருசம் இந்தத் துவக்கிட அனுமதி புதுப்பிக்க, வெடி வைக்க நீங்க எங்களுக்குத் தேவை எண்டு நாங்கதான் சொல்லோணும். நாங்க சொல்லாட்டி நீங்க இதப் பொலிசில குடுக்கத்தான் வேணும். யோசிச்சுப் பாருங்க. ஒரு படம்தானே."

அக்காவின் கை துடைப்பதை நிறுத்தியது. மனதுக்குள் ஏதோ நடப்பது தெரிந்தது. இது அவருடைய அப்பாவின் பொருள். அதோடு, ஒரு தையல்காரி மைதானத்தில் எல்லாருக்கும் முன்னால் ஏறி நிற்கிற இடமும் அதுதான்.

"சொல்லாம விடுங்க சேர்," என்றார். "பொலிசில குடுக்கிறன். அங்கயாவது ஒரு புள்ளைட முகத்துக்கு நீட்டாம பெட்டிக்குள்ள கிடக்கும். அவர்ட கையில இனிக் குடுக்க மாட்டன்."

"உங்களுக்கு நல்ல வாய் அக்கா."

"இந்த மஸ்கற்றையும் எடுத்திட்டுப் போங்க. மேடையில சிரிச்ச ஆக்களுக்குக் குடுங்க."

மோட்டார் சைக்கிள் போனதும் அக்கா கதிரையில் உட்கார்ந்துவிட்டார். வென்ற மாதிரி ஒன்றும் தெரியவில்லை. முகம் வெளிறியிருந்தது. "துவக்கு போகத்தான் போகுது போல தம்பி," என்று மட்டும் சொன்னார். அனுமதி புதுப்பிக்க வேண்டியது அடுத்த மாதம். இந்தக் கதை பரவிய பிறகு, வழக்கமாகக் கூப்பிடும் மற்றப் பள்ளிக்கூடங்களும் வாயைத் திறக்கவில்லை.

நான் புறப்படும்போது ஒரு அழைப்பு வந்தது. ஏறாவூரில் ஒரு பாடசாலையின் விளையாட்டு ஆசிரியர் றிஸான். அக்கா கைப்பேசியை ஒலிபெருக்கியில் போட்டார், கை எரிவதால் பிடிக்க முடியாமல்.

"அக்கா, எங்கட போட்டிக்கு வருவீங்களா?"

"உங்கட அதிதி வெடி வைப்பாரா தம்பி?"

"முன்ன அப்பிடித்தான் அக்கா. இந்த முற அவர் கொடிய மட்டும் ஏத்தட்டும் எண்டு கூட்டத்தில கேட்டுப் பாக்கிறன். கொஞ்சப் பேர் ஒத்துக்கொள்ள மாட்டாங்க. சண்ட புடிச்சுப் பாக்கிறன்."

"புடிங்க," என்றார் அக்கா. அவ்வளவு நேரத்துக்குப் பிறகு அப்போதுதான் முகம் கொஞ்சம் தெளிந்தது.

இதை வாசிக்கிறவர்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன். ஏறாவூரிலோ, கரடியனாற்றிலோ, வேறு எங்கேயோ உங்கள் பிள்ளையின் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம் நடந்தால், எழுந்து இரண்டு வசனம் சொல்லுங்கள். முதலாவது, எந்த அதிதியின் கையிலும் துவக்கைக் கொடுக்கக் கூடாது. இரண்டாவது, வெடி வைக்கக் கஜானி அக்காவைக் கூப்பிட வேண்டும். ஒரேயொரு பள்ளிக்கூடம் அவர் தேவை என்று சொன்னாலே போதும், துவக்கு அவரிடமே நிற்கும். அந்தக் காணொளியை யாரும் அனுப்பினால் தயவுசெய்து சிரிக்காதீர்கள், அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள். அதற்குப் பதிலாக இதை அனுப்புங்கள், அடுத்த மாதம் பிறப்பதற்கு முன்.