மதிப்பில்லாத வெள்ளி

சோதனைக்கு வந்த மாதிரியின் முடிவை முப்பது நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. அரசுப் பண்டகசாலையில் முப்பத்தோர் ஆண்டுகள் இருந்தவன் நான். ‘வேண்டும்’ என்ற சொல்லை நம்புவதில்லை. செல்வி சோதனைக்கு அனுப்பிய வெள்ளிக் கம்பிக்கு நான்கு மாதமாகப் பதில் இல்லை. ஆகஸ்ட் முதல் திங்கள், காலை ஏழே காலுக்குச் சேலத்தில் நாமக்கல் பேருந்தில் ஏறினேன். புதுச்சத்திரத்துக்கு நாற்பது கிலோமீட்டர் சொச்சம். கட்டணம் முப்பத்தைந்து ரூபாய்.

“வெள்ளிப் பட்டறைக்குங்களா? கொலுசு எடுக்கவாக்கும்,” என்றார் நடத்துனர்.

“சூரியனைக் கட்டிப்போட ஒரு கம்பி.”

“அதுக்கும் இதே டிக்கெட்டுத்தானுங்க.”

எட்டரைக்குப் பட்டறையில் இருந்தேன். செல்வி என் மருமகளின் அக்கா. இருபது ஆண்டுகளாகக் கொலுசுக்குக் கம்பி இழுப்பவர். சூரியனில் நடக்கும் அணு இணைவை உலைக்குள் நடத்திப் பார்க்க நினைக்கிறார்கள். அந்தச் சூட்டைச் சுவரில் படாமல் காந்தத்தால் தாங்கிப் பிடிக்க வேண்டும். காந்தம் சுற்றும் கம்பி, கடுங்குளிரில் மின்சாரத்தைத் துளியும் வீணாக்காமல் கடத்த வேண்டும். ஓர் ஆய்வகம் செல்விக்கு இழுவை இயந்திரமும், அப்படிக் கடத்தும் கருப்புப் பொடியும் கொடுத்திருக்கிறது. பொடியை வெள்ளிக் குழாயில் அடைத்து இழுத்து, பல கம்பிகளைக் கட்டாக்கி, மறுபடியும் இழுக்கிறார். முதல் மாதிரியைப் பட்டறை வழக்கப்படி பூந்திக்கொட்டைத் தண்ணீரில் கழுவினார். உள்ளே ஈரம் புகுந்து, சூளையில் சுட்டபோது கம்பி பூரியாக உப்பியது. இரண்டாவதன் முனைகளை அடைத்துத்தான் ஆய்வகத்துக்கு அனுப்பினார்.

“இது தேறுனா ஒரே துண்டா நூறு மீட்டர் இழுக்கோணும். தேறலீன்னா மெஷின எடுத்துக்கறாங்களாம், மாமா.”

விண்ணப்பத்தின் நகலை வாங்கிப் பார்த்தேன். பொருள்: சுத்த வெள்ளிக் கம்பி. மதிப்பு: அன்றைய சந்தை விலை, கிராம் கணக்கில். இணைத்திருந்த ரசீதில் ‘விலையுயர் பொருள், பெட்டகம்’ என்ற முத்திரை.

சோதனையே நடக்கவில்லை. கம்பியைப் பெட்டகத்தில் பூட்டிவிட்டார்கள். பெட்டகத்தைத் திறக்க இரண்டு அதிகாரிகள் ஒரே நாளில் இருக்கையில் இருக்க வேண்டும். என் பணிக்காலத்தில் அப்படிப்பட்ட நாட்களை விரலில் எண்ணிவிடலாம்.

மதிப்பில்லாத பொருளைப் பெட்டகத்தில் வைக்க விதியில்லை. திருத்தக் கடிதம் எழுதினேன்: ‘பொருள்: ஆய்வு மாதிரி. விற்பனை மதிப்பு: இல்லை.’

செல்வி பேனாவைத் தொடவில்லை. “வெள்ளியப் போயி மதிப்பில்லைன்னு எழுதறதுங்களா? எங்க மாமனார் பாத்தாருன்னா ஊட்டுக்குள்ள உடமாட்டாருங்க.”

“மதிப்பு உள்ளே இருக்கிற பொடிக்கு. வெள்ளி அதற்குச் சட்டை.”

“சுத்த வெள்ளியில சட்டை. கல்யாண மாப்பிள்ளைக்கே நாங்க அப்படித் தெச்சதில்லீங்க.”

கையெழுத்திட்டார். கீழே பொடி எழுத்தில் ‘ஆனால் சுத்த வெள்ளி’ என்று சேர்த்தார். விதிப்படி அதை அடித்திருக்க வேண்டும், அடிக்கவில்லை. அங்கேயே தபாலில் சேர்த்துவிட்டுப் பேருந்து ஏறினேன்.

வீடு திரும்பியபோது எங்கள் தெருவில் மின்சாரம் இல்லை. வழக்கமாக உடனே புகார் எழுதுவேன். அன்று, வழியிலேயே வீணாகாத மின்சாரத்தை நினைத்துக்கொண்டு விசிறியுடன் உட்கார்ந்திருந்தேன்.

மாதிரி தேறியது, நூறு மீட்டர் அனுப்பவும் என்று செல்விக்குப் பதில் வந்தது: அக்டோபர் ஒன்பது, வியாழக்கிழமை.