லாட் கார்டின் பின்பக்கம்

பத்திரிகை வேலையை விட்ட பிறகு திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் சேர்ந்தேன். சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர்களுக்குக் கடிதம் எழுதுவது வேலை. முதலாளியும் கட்டிங் மாஸ்டரும் உலகின் தலைசிறந்த கிரிக்கெட் அணியைத் தீர்மானிப்பதைத் தினமும் கேட்பது தண்டனை.

முதலாளிக்கு எண்பதுகளின் மேற்கிந்தியத் தீவுகள். திருநெல்வேலிக்காரரான மாஸ்டருக்கு இரண்டாயிரத்தை ஒட்டிய ஆஸ்திரேலியா. முதலாளி தன் அணியின் ஒரு முழு ஆட்டத்தைக்கூடப் பார்த்ததில்லை. கைப்பேசியில் ஸ்டம்ப் பறப்பதைப் பார்த்திருக்கிறார்.

"எங்க டீமுல அந்த நாலு பேரு வேகமாப் பந்து போட்டா உங்காளுக ஹெல்மெட்டோட ஊட்டுக்கு ஓடியிருப்பாங்க மாஸ்டர்."

"அவிய பீல்டிங்கப் பாத்திருக்கியளா மொதலாளி? மாடு பத்துத மாதிரில்லா பந்துக்குப் பின்னால போவாவ."

ஒரு நாள் இருவரும் எல்லாக் காலத்துக்குமான பதினொரு பேரை ஆளுக்கொரு பட்டியலாக எழுதத் துணிந்தார்கள். தாளுக்காக அலுவலகம் வரை நடக்கச் சோம்பல். வெட்டிய துணிக்கட்டுகளில் செருகியிருந்த லாட் கார்டுகளை உருவிப் பின்பக்கம் எழுதினார்கள். எழுதியதை அடித்தார்கள், இன்னும் உருவினார்கள். எந்தக் கட்டு எந்தத் தடவை சாயம் ஏறியது என்று சொல்ல அந்தக் கார்டை விட்டால் வேறு வழியில்லை. எல்லாம் நீலம்தான், லாட்டுக்கு லாட் மயிரிழை மாறும். டியூப் லைட்டில் தெரியாது.

செக்கிங் பகுதியைக் கவனித்த பொங்கலூர்ப் பெண் அன்றே வந்து கேட்டாள். "கட்டுல கார்டே இல்லீங்க மாஸ்டர்."

"ஒரே கலருதாம்மா. தைக்க அனுப்பு."

பையரின் ஆய்வாளர் சட்டையை வெயிலில் பிடித்தார். உடல் ஒரு நீலம், கை வேறு நீலம். பெட்டிகள் திரும்பி வந்தன.

"செக்கிங்ல அலட்சியம்னு எழுதுங்க" என்றார் முதலாளி என்னிடம். "அந்தப் பொண்ண நிறுத்தியாச்சுன்னும் சேத்துக்கங்க." மாஸ்டர் பக்கத்தில் நின்று தலையாட்டினார்.

அந்தப் பெண்ணின் காதில் அது விழுந்தது. சற்று நேரத்தில் கைநிறையக் கார்டுகளுடன் வந்து மேசையில் வைத்தாள். "கட்டிங் டேபிளுக்கு அடியில கெடந்துச்சுங்க. பின்னால பாருங்க."

முதலாளி திருப்பிப் பார்த்தார். நிதானமாகப் படித்தார்.

"ஏனுங்க மாஸ்டர், உங்க டீமுல விக்கெட் கீப்பரே இல்லீங்களே."

மாஸ்டர் எட்டிப் பார்த்தார். விவாதம் விட்ட இடத்தில் தொடங்கியது. நான் கடிதத்தை முடித்தேன்: கார்டுகளை உருவியது நிர்வாகம், செக்கிங் பகுதி அன்றே எச்சரித்தது. வேலைநீக்கம் பற்றி ஒரு வரியும் இல்லை. முதலாளி படிக்காமல் கையெழுத்துப் போட்டார். அவர் கவனமெல்லாம் கீப்பர் மேல் இருந்தது. கடிதத்தை உடனே அனுப்பிவிட்டேன்.

அவள் கார்டுகளைத் திருப்பி வாங்கிக்கொண்டாள். போகும்போது என் மேசையிலிருந்து இரண்டு வெள்ளைத் தாளை எடுத்து அவர்கள் முன்னால் வைத்துவிட்டு வேலைக்குத் திரும்பினாள்.