வயிறுள்ள சுரம்

திருப்பதியில் வயலின் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தபோது அண்ணியின் போன் வந்தது. "உங்க அண்ணன் பூட்டாரும்மா. டீ கேட்டாரு, போட்டு எடுத்தாந்தா ஆளு இல்ல." நம் முனிரத்தினம் அண்ணன் போய்விட்டார். நம் பழைய வயலின்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் செய்தியைப் போட்டேன். கைகூப்பும் படங்கள் வரிசையாக வந்து விழுந்தன. சென்னையிலிருந்து அவர் இருந்த புத்தூருக்கு ரயில் இருக்கிறது. உங்களில் ஒருவரும் ஏறவில்லை.

சினிமா ஸ்டுடியோக்களில் இரண்டு வயலின்காரர்களுக்கு நோட்ஸ் வைக்க ஒரே ஸ்டாண்டு என்பது உங்களுக்குத் தெரியும். என் பக்கத்து நாற்காலி அவருடையது. சத்தியவேடு பக்கத்தில் கூலிக்குப் போன குடும்பத்தில் பிறந்து, மிஷன் ஹாஸ்டலில் வயலின் கற்றவர். சோறு போட்டது சினிமா. உயிர் இருந்தது பரோக்கில், ஐரோப்பாவின் அந்தப் பழைய சங்கீதத்தில். நீண்ட சுரத்தை மெல்லத் தொடங்கி, நடுவில் பெருக்கி, மெலிய விட்டு முடிப்பார். "சுரத்துக்கு வயிறு வெக்கணும்மா. தட்டையா இழுத்தா அது லாரி ஹாரன்" என்பார். சினிமாப் பாட்டிலும் அந்தப் பழக்கம் அவரை விடவில்லை.

ஆர்கெஸ்ட்ராவில் இருக்கிறேன் என்று பெண் பார்க்கப் போன இடத்தில் சொல்லியிருக்கிறார். அண்ணியின் நைனா பதறிப்போய், "டான்ஸ் ஆடற பார்ட்டியா?" என்றாராம். "இல்ல மாமா, ஒக்காந்துக்கினேதான் வாசிப்போம்" என்று சொல்லித்தான் கல்யாணம் நடந்தது. இதை எத்தனை முறை சொன்னாலும் அவரே முதலில் சிரிப்பார்.

ஒருநாள் ஒரு ஸ்டுடியோ அவரை மட்டும் கூப்பிட்டது. பாட்டு எதுவும் இல்லை. ஒவ்வொரு சுரமாக, நீளமாக, குட்டையாக, மெதுவாக, பலமாக வாசிக்கச் சொல்லிப் பதிந்துகொண்டார்கள். எதற்கென்று சொல்லவில்லை. "தனியா என்னியக் கூப்டாங்கம்மா" என்று அவர் பூரித்துப்போனார். அதன்பிறகு அங்கே நம் யாருக்கும் வேலை இல்லை. பதிந்ததைக் கீபோர்டில் ஏற்றிவிட்டார்கள்; கட்டையை அழுத்தினால் அண்ணன் வந்தார். அண்ணனை எதற்குக் கூப்பிட வேண்டும்? அந்தச் சுரங்கள் சாஃப்ட்வேராகப் பரவ, மெல்ல மெல்ல மற்ற ஸ்டுடியோக்களின் அழைப்பும் நின்றுபோனது.

புத்தூருக்குக் குடிபெயர்ந்தார். சித்தூர்ப் பக்கம் மாங்கூழ் தொழிற்சாலையில் சீசன் வேலை. மாம்பால் பட்டு இடது கை விரல் நுனிகள் வெந்து கிடந்தன. "இன்னாண்ணா இது?" என்றேன். "துன்னணுமேம்மா" என்றார். இப்போதும் அதை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

நகரியில் ஒரு கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்திருந்தோம். மேடையில் லைட் மியூசிக். அண்ணன் சோற்றில் வைத்த கையை அப்படியே நிறுத்தினார். "கேட்டியா? வயிறு! அது நான்தாம்மா." எழுந்துபோய் கீபோர்டுக்காரரிடம் தெலுங்கில், "அன்னா, அதி நா வயலின்" என்றார். அவர், "இதி சாஃப்ட்வேர் சார்" என்று சிரித்தார். அண்ணன் திரும்பி வந்து, ஆறிப்போன சாம்பார் சோற்றைச் சாப்பிட்டு முடித்தார்.

கருமாதிக்குப் போனேன். ஃப்ளெக்ஸில் 'ஆர்கெஸ்ட்ரா முனிரத்தினம்' என்று போட்டு, பக்கத்தில் கிட்டார் படம் வைத்திருந்தார்கள். மரியாதைக்கென்று பாட்டுக் கச்சேரியும் வைத்திருந்தார்கள். சோகப் பாட்டு ஒன்றின் நடுவே கீபோர்டிலிருந்து ஒரு நீண்ட சுரம் வந்தது. மெல்லத் தொடங்கி, பெருத்து, மெலிந்து முடிந்தது. நான் உடைந்துவிட்டேன். "இன்னாம்மா, பாட்டு நல்லாத்தான கீது?" என்றார் அண்ணி.

"அது அண்ணன் வாசிக்கிறதுதான் அண்ணி" என்று, பதிந்துகொண்ட கதையைச் சொன்னேன். அவர் மேடையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: "அப்பிடின்னா, அவரு இன்னும் வேல செஞ்சிக்கினுதான் கீறாரா?"

அண்ணனிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த வயிறு. என் வில்லில் இருக்கிறது. அவர் பெயரைச் சொல்லித்தான் பிள்ளைகளுக்கும் கற்றுத்தருகிறேன். அண்ணியின் கேள்விக்குப் பதிலை அவரைப் பதிந்துகொண்டவர்கள் சொல்லட்டும்.