அம்பாக்காரரின் ஹவுஸ் பாட்டு

தோளில் கிடக்கும் துவாயை உதறி, ஆட்டோவில் இருக்கும் ஸ்பீக்கர் பெட்டியின் மணலைத் துடைத்த பிறகுதான் சீனிமுகம்மது சாறனை மடித்துக் கட்டுவார். போன வருடம் இதே பெட்டியின் வயரைப் பிடுங்கியவரும் அவர்தான்.

சாய்ந்தமருதுக் கரையில் கரைவலை இழுக்கிறவர்களுக்கு அவர் சீனிக் காக்கா. வலையின் இரண்டு கயிறுகளையும் இரண்டு கூட்டம் ஆட்கள் தூரத் தூர நின்று இழுப்பார்கள். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் இழுபட வேண்டும். தவறினால் வலை கோணும், மீன் போய்விடும். சீனிக் காக்கா நடுவில் நின்று அம்பா பாடுவார். அவர் ஓர் அடி பாட, ஆட்கள் மறு அடி பாடி இழுப்பார்கள். அலைக்கு மேலால் கேட்கிற தொண்டை அது. அதில் ஒரு கட்டி வந்தது. ஆஸ்பத்திரியில் வெட்டி எடுத்தார்கள். உயிர் மிஞ்சியது, குரல் போயிற்று. இப்போது அவர் கதைப்பதைக் கேட்க நாம்தான் குனிய வேண்டும்.

பாடாத அம்பாக்காரருக்கும் கரையில் பங்கு கொடுத்தார்கள். சும்மா வந்த மீன் அவருக்குத் தொண்டையில் இறங்கவில்லை. இந்த நேரம் பார்த்துத்தான் தங்கை மகன் றம்ஸீன், ஆட்டோவில் பெட்டியை ஏற்றி வந்து ஹவுஸ் என்கிற வெளிநாட்டு ஆட்டப் பாட்டு ஒன்றை அலற விட்டான். சொல்லே கிடையாது, தொடக்கம் முதல் ஒரே இடி. ஆட்கள் அந்த இடிக்கு இழுக்கத் தொடங்கினார்கள்.

"ஹவுஸ் எண்டா ஊட்டுக்குள்ள வெச்சிக் கேளு. கடக்கரைக்கி என்னத்துக்குடா கொண்டாறாய்?"

"ரெண்டு கயித்துக்கும் கேக்கும் மாமா."

"ஒரு சொல்லு இரிக்கா இதுல? மா இடிக்கிற சத்தம்!"

ஒரு நாள் பாதி இழுவையில் போய் வயரைப் பிடுங்கிவிட்டார். ஒரு பக்கம் இழுத்தது, மறு பக்கம் நின்றது. வலை கோணி, சூடை மீன் கூட்டம் எல்லார் கண்முன்னும் வழிந்து போயிற்று. மீன் வாங்க நின்ற எனக்கே வயிறு எரிந்தது. அவரை ஒருவரும் ஏசவில்லை. ஏசியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

ஆட்கள் கலைந்த பிறகு ஆட்டோவுக்குள் ஏறி உட்கார்ந்து, "அதப் போடு, மெல்லமாப் போடு" என்றார். முழுதும் கேட்டார். பாட்டின் நடுவில் இடி நின்று, மெல்லிய இரைச்சல் மட்டும் ஓடுகிற இடம் ஒன்று உண்டு. பிறகு இடி திரும்ப விழும். அந்த இடத்தை மறுகா மறுகா போடச் சொன்னார். அம்பாவிலும் கடைசி இழுவைக்கு முன் அவர் இப்படித்தான் நிறுத்துவார், ஆட்கள் மூச்செடுத்துக் கை மாற்றிப் பிடிக்க.

"இதச் செஞ்சவன் கயிறு புடிச்சவன்தான் மனே" என்றார்.

"அவன் வெள்ளக்காரன் மாமா."

"அங்க கடல் இல்லயா?"

அன்றிலிருந்து பாட்டுக்குக் காவல் அவர்தான். பாங்கு சொல்லத் தொடங்கினால் முதலில் நிறுத்துவதும் அவர் கைதான். இந்த வயதில் பாட்டுக் கேட்கலாமா என்று ஒருவர் இடக்காகக் கேட்டபோது, "ஒரு கெட்ட சொல்லு இரிக்கா இதுல?" என்று திருப்பிக் கேட்டார். எதைச் சொல்லி ஏசினாரோ, அதையே சொல்லிக் காப்பாற்றுகிறார்.

ஆனால் இடி நிற்கிற அந்த இடத்தில் ஆட்கள் தடுமாறுவார்கள். எப்போது திரும்ப விழும் என்று ஒருவருக்கும் பிடிபடுவதில்லை. நேற்றும் அந்த இடம் வந்தது. சீனிக் காக்கா ஆட்டோவின் படியில் ஏறி இரண்டு கைகளையும் உயர்த்தினார். கடல் கயிற்றை இழுக்க, இரண்டு பக்கத்து ஆட்களும் குதிகாலை மணலில் ஊன்றி அவர் கைகளையே பார்த்து நின்றார்கள். அவருடைய உதடுகள் சத்தமில்லாமல் பழைய அம்பாவின் அடியைச் சொல்லிக்கொண்டிருந்தன. அடி முடிந்தது. கைகளை இறக்கினார், இடி விழுந்தது.