கருப்பட்டி உருளாது

மூன்றாம் வகுப்புக்குக் கன உருவங்கள் நடத்தப்போகிறோம், வீட்டிலிருந்து ஆளுக்கொரு பொருள் கொண்டுவாருங்கள் என்று என் மகளின் டீச்சர் சொல்லிவிட்டிருந்தார். நல்ல யோசனைதான், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. மற்ற பிள்ளைகள் பந்து, பகடை, பால்பவுடர் டின் என்று எடுத்துப்போனார்கள். இவள் அடுக்களைக்குள் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துவிட்டு ஒரு கருப்பட்டியை எடுத்துக்கொண்டாள்.

எங்கள் பக்கத்தில் பதநீரைக் காய்ச்சித் தேங்காய்ச் சிரட்டையில்தான் ஊற்றி உறையவைப்பார்கள். ஒரு பக்கம் தட்டையாகவும் மறுபக்கம் உருண்டையாகவும் வரும். "பாதிப் பந்து" என்று வகுப்பில் சொல்லியிருக்கிறாள். சுவரில் தொங்கிய சார்ட்டில் பாதிப் பந்து இல்லை. அப்படி ஒரு உருவமே கிடையாது, ஸ்பியர் என்று சொல் என்றாராம் டீச்சர். உருளாதே மிஸ் என்று இவள் மேசைமேல் வைத்துக் காட்டியிருக்கிறாள். எதிர்த்துப் பேசினாளாம், பீரியட் முடியும்வரை நிற்கவைத்துவிட்டார்.

கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கண்ணால் பார்த்துக் கையால் தொட்டு ஒரு பிள்ளை சரியாகச் சொன்னால் அதற்குத் தண்டனையா? மறுநாள் காலை இன்னொரு கருப்பட்டியோடு போய் நின்றேன்.

டீச்சர் சின்ன வயது. மரியாதையாகத்தான் பேசினார். மூன்றாம் வகுப்புப் போர்ஷனில் அது இல்லை, அரைக்கோளம் பெரிய வகுப்பில் வரும், இப்போதே சொன்னால் பிள்ளைகள் குழம்பிவிடும் என்றார். பிறகு படிக்கலாம் என்று சொல்லியிருக்கலாமே, கிடையவே கிடையாது என்று ஏன் சொன்னீர்கள் என்று கேட்டேன். பரீட்சையில் சார்ட்டில் உள்ளதைத்தான் கேட்பார்கள் என்றார். நான் கேட்டதென்ன, அவர் சொல்வதென்ன?

கருப்பட்டியின் தட்டைப் பக்கம் கீழே வர அவர் மேசையின் ஓரத்தில் வைத்தேன். பந்தாக இருந்தால் விழுந்துவிடுமென்று கை தானாக நீண்டிருக்கும். அவர் கை அசையவில்லை. அந்தக் கைக்குத் தெரிந்ததைச் சொன்னதற்குத்தான் என் பிள்ளையை நிற்கவைத்தீர்கள் என்றேன். அதற்குள் மணி அடித்தது. பார்க்கிறேன் மேடம் என்று எழுந்துவிட்டார். என்னத்தைப் பார்த்தாரோ, அந்த வாரமே மகள் கையில் ஒரு ஸ்டார் ஒட்டிக்கொண்டு வந்தாள். எல்லா உருவத்தையும் சரியாகச் சொன்னாளாம்.

அன்று சாயங்காலம் காப்பிக்குக் கருப்பட்டி தட்டிக்கொண்டிருந்தேன். உடைக்காத ஒன்றை அவளிடம் நீட்டி, "மக்கா, இது என்ன உருவம்?" என்று கேட்டேன்.

முன்பெல்லாம் எதைக் கொடுத்தாலும் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். அன்று கருப்பட்டியைத் தொடவே இல்லை. என் முகத்தைப் பார்த்தாள்.

"ஒங்களுக்கு எத சொல்லணும்மா?" என்றாள்.