பிறந்த வீட்டுக் கோடி

எங்கள் தேயிலை மலையில் நல்ல வெயில் அடிக்கும் காலைகள் குறைவு. அப்படி ஒன்று வந்துவிட்டால் என் மாமியார் முதலில் செய்வது, கட்டிலுக்கடியில் இருக்கும் தகரப் பெட்டியை இழுத்து, அதிலிருந்த அரக்கு நிறச் சேலையை எடுத்து வாசல் கொடியில் விரிப்பதுதான். கட்டாத சேலை. கடைக்காரர் ஒட்டிய விலைச்சீட்டு முந்தானையில் அப்படியே இருக்கும். ஒரு பக்கம் சூடேறியதும் மறுபக்கம் திருப்புவார். எதிர் மலையில் மூட்டம் தலைகாட்டினால் அடுப்பை விட்டுவிட்டு ஓடி வருவார். கொழுந்து பறிக்கப் போகிற பெண்கள், "என்னங்கத்தை, யாருக்குக் கல்யாணம்?" என்று சீண்டிவிட்டுப் போவார்கள். "பூஞ்சணம் புடிச்சிரும்ல, அதான்" என்பார். தன் சாவுக்கென்று அவரே வாங்கி வைத்த சேலை அது என்பது வீட்டில் எங்களுக்கு மட்டும்தான் தெரியும்.

எங்கள் சனங்களில் ஒரு பெண் இறந்தால், அவளுடன் பிறந்த அண்ணனோ தம்பியோ புதுச் சேலை கொண்டுவந்து உடல்மீது போர்த்த வேண்டும். அதுதான் பிறந்த வீட்டுக் கோடி. அவள் கணவனை இழந்தாலும் அவளுக்கான கோடி அங்கிருந்தே வர வேண்டும். என் மாமனார் இறந்தபோது பெரியவர் ஒருவர் கூட்டத்தைப் பார்த்து, "பொறந்த வீட்டுக் கோடி எங்கப்பா? முன்னால வாங்க" என்றார். தப்படிப்பதைக்கூட நிறுத்திவிட்டார்கள். யாரும் வரவில்லை. கடைசியில் மாமனாரின் தங்கையே ஒரு சேலையை எடுத்து வந்து, "இன்னைக்கு நாந்தான் மதினி ஒனக்குப் பொறந்த வீடு" என்று போர்த்தினார். அதை எல்லோரும் பெரிய மனசு என்றார்கள். மாமியாருக்கு மட்டும் அது ஆறவே இல்லை. அதன் பிறகு அவரால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. உலை வைத்துவிட்டு வாசலுக்குப் போவார், வாசலிலிருந்து தண்ணீர்ப் பீலிக்குப் போவார், குடம் நிறையும்வரை நிற்காமல் திரும்பி வருவார். அந்த நாட்களில்தான் ஹட்டனுக்குப் போய் அந்தச் சேலையை வாங்கினார்.

அவருக்குப் பெற்றோர் முகம் நினைவில்லை. அவர்கள் இந்தியாவுக்குக் கப்பலேறியபோது, காய்ச்சலில் கிடந்த குழந்தையைப் பக்கத்து லய வீட்டு வரிசையில் விட்டுப் போனதாக வளர்த்தவர்கள் சொல்லியிருந்தார்கள். வளர்த்தவர்களுக்கு வேறு பிள்ளைகள் இல்லை, அவர்களும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ஒருநாள் மாமியார் என்னிடம் கேட்டார்: "நீ கச்சேரி ஆபீசுல பொறப்பு எறப்பு எழுதற வேலைதானே பாக்குற? ஊருக்கெல்லாம் தேடிக் குடுக்குற. எனக்கு ஒரு அண்ணன் தம்பியத் தேடிக் குடு பாப்போம்."

நான் ஒழுங்கை விரும்புகிறவள். அன்றன்று நடந்ததை அன்றன்றே நாட்குறிப்பில் எழுதாவிட்டால் தூக்கம் வராது. அதனால் இந்த வேலை எனக்குப் பிடித்தது. வெளிநாட்டிலிருக்கும் என் தம்பி, அமெரிக்காவில் பழைய குடும்பங்களின் வேரைத் தேடுகிறவர்கள் திருமணப் பதிவு, குடிசனக் கணக்கு, உயில் ஆகிய மூன்றையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு தலைமுறை தலைமுறையாகப் பின்னோக்கிப் போவார்கள் என்று சொல்லியிருக்கிறான். எங்களுக்குத் திருமணப் பதிவு உண்டு, அதுவும் பிள்ளைகள் பிறந்த பிறகு போட்டது. குடிசனக் கணக்குக்குப் பதிலாகத் தோட்டத்தின் செக்ரோல், அதாவது வேலைக்கு வந்தவர்களின் பெயர்ப் பதிவு, எலி தின்றது போக மிச்சம் இருக்கும். உயில் கிடையாது. குடியிருக்கும் காம்பராவே தோட்டத்துக்குச் சொந்தம் என்றிருக்கும்போது யார் எதை யாருக்கு எழுதி வைப்பது?

மாமியாரின் திருமணப் பதிவில் தகப்பன் பெயர் தெளிவாக இருந்தது. தொழில் என்ற இடத்தில் 'கங்காணி' என்றிருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு போனேன். அந்தப் பெயருடைய கங்காணி பின்னாளில் வலப்பனைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றுக்கு மாறிப்போனதும், அவருடைய மகன் இன்னும் அங்கே இருப்பதும் தெரியவந்தன. கப்பலேறிய கதை வளர்த்தவர்கள் கட்டியதாக இருக்கலாம் என்று நினைத்துக்கொண்டேன். பெயர் பொருந்தியது, தோட்டம் பொருந்தியது, காலமும் பொருந்தியது. ஒரு தாளில் கோடு போட்டு, மாமியார் பெயருக்குப் பக்கத்தில் அந்த மகனின் பெயரை எழுதிக் காட்டினேன். அவர் எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, "என் தம்பியா இருப்பான். கங்காணி மகன். அப்ப நான் சும்மா ஆளில்ல" என்றார். நுவரெலியாவில் பஸ் மாறி வலப்பனை போய்ச் சேரும்வரை நான்கு முறை தலையை வாரிக்கொண்டார்.

கங்காணியின் மகன் எங்களை உட்காரவைத்துத் தேநீர் கொடுத்தார். நான் நீட்டிய தாளைப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இதுக்காம்மா இவ்வளவு தூரம் வந்தீங்க? எங்கப்பா பேரு எங்க வீட்ல இருந்தத விட ஊரார் வீட்லதாம்மா அதிகமா இருந்துச்சு. அப்பன் பேரு இல்லாம புள்ளையப் பதிய மாட்டாங்க. பதியலன்னா அரிசிக் கூப்பன் இல்ல. பெத்தவன் கப்பலேறிட்டான், புள்ள இங்க கெடக்கு. இவரு போயி, 'எம் பேரையே போட்டுக்குங்க ஐயா'ன்னு சொல்லிட்டு வந்துருவாரு. எங்கம்மா வெளக்குமாத்தத் தூக்கிட்டு நிக்கும், 'தோட்டத்துப் புள்ளைக்கெல்லாம் நீதான் அப்பனா'ன்னு."

கையிலிருந்த தாளை மடித்தேன். மாமியார் அழுவார் என்று நினைத்தேன். அவரோ தேநீரைக் கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு, "அப்ப அவரு பேரு குடுத்த மத்தப் புள்ளைங்க எங்க இருக்காங்க?" என்று கேட்டார். அந்த மனிதர் யோசித்து, அக்கரப்பத்தனையில் ஒருவர் இருப்பதாகச் சொன்னார், துரை பங்களாவில் சமையல்காரராக இருந்து ஓய்வு பெற்றவர்.

திரும்பும் பஸ்ஸில், "அது சொந்தமில்ல அத்தை, வெறும் பேப்பர்ல இருக்கிறது" என்றேன்.

"இம்புட்டு நாளா பேப்பரப் பாத்துத்தானே சொந்தம்னு சொன்ன?" என்றார். மடித்த தாளை விரித்து 'அக்கரப்பத்தனை' என்று எழுதிக்கொண்டேன்.

அக்கரப்பத்தனைக்காரர் எங்களை உள்ளே கூப்பிடவில்லை. மனைவி இறந்து, பிள்ளைகள் கொழும்பில் கடைகளில் வேலைக்கு இருக்க, தனியாக இருந்தார். நான் விஷயத்தைச் சொல்லி முடித்ததும், "காணிப் பத்திரம் ஏதும் குடுக்கப் போறாங்களா? எங்கிட்ட இந்த ஒரு காம்பராதான் இருக்கு" என்று கதவைப் பிடித்துக்கொண்டார்.

"ஒங் காம்பராவ நீயே வச்சுக்க," என்றார் மாமியார். யார் மூத்தவர் என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை. ஆனால் பார்த்த நிமிஷத்திலிருந்து அவரை 'நீ' என்றுதான் பேசினார். "நான் செத்தா ஒரு சேலையோட வரணும். வேற ஒண்ணும் வேணாம்."

"நான் முந்திச் செத்தா?"

"வந்து ஒப்பாரி வைக்கிறேன். நல்லா வைப்பேன், இவளக் கேளு."

அவர் சிரித்துவிட்டார். பிறகுதான் கதவு முழுதாகத் திறந்தது. பங்களாப் பழக்கத்தில் தட்டோடு கோப்பை வைத்துத் தேநீர் தந்தார். ஆனால் வருவேன் என்று சொல்லவில்லை. புறப்படும்போது, "பாக்கலாம்" என்றார். வழி நெடுக மாமியாருக்கு அந்த ஒரு சொல்தான். "பாக்கலாம்னு சொன்னவன் எவன் வந்திருக்கான்?" அதற்குப் பிறகு சேலையை இன்னும் அடிக்கடி வெயிலில் போட்டார். மூட்டமான நாட்களிலும் பெட்டியைத் திறந்து முகர்ந்து பார்த்து மூடுவார். அந்த மனிதர் ஒருமுறைகூட எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை.

மாமியார் இறந்தது விடாத மழைக்காலத்தில். நானே அக்கரப்பத்தனைக்குத் தொலைபேசி எடுத்தேன். மறுமுனையில் "ம்" என்று ஒரு சத்தம், உடனே வைத்துவிட்டார். மறுநாள் பிற்பகல் நீர்மாலைச் சடங்கு முடிந்து, கோடி போடும் நேரம் வந்தது. பெரியவர்கள் வானத்தைப் பார்த்தார்கள். "யாருக்காகப்பா காத்துக்கிட்டு நிக்கிறீங்க? மண்ணு வழுக்குது, இருட்டுறதுக்குள்ள தூக்கணும்" என்றார்கள். என் கணவர் என்னிடம் வந்து மெதுவாக, "பெட்டியில இருக்கிறத எடுத்துரு" என்றார். தகரப் பெட்டியை இழுத்தேன். அரக்குச் சேலை கையில் இருந்தது. கதவருகே வரும்போது, கம்பி முறிந்த குடையோடு அவர் படியேறி வந்துகொண்டிருந்தார். கையில் தலவாக்கலைக் கடைப் பை. அதிலிருந்தது கிளிப்பச்சையில் சரிகைக் கரை வைத்த சேலை. கல்யாணத்துக்கா என்று கடையில் கேட்டிருக்கிறார்கள், இவரும் ஆமாம் என்றிருக்கிறார்.

"பொறந்த வீட்டுக் கோடி" என்று யாரோ குரல் கொடுத்தார்கள். அவருக்கு எப்படிப் போர்த்துவதென்று தெரியவில்லை. மாமனாரின் தங்கை ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார். அவர் குனிந்து, எங்களுக்குக் கேட்காது என்று நினைத்துச் சொன்னார்: "பஸ்ஸு மண்ணுசரிவுல நின்னுருச்சுக்கா."

மரணப் பதிவை நிரப்பும்போது தகப்பன் பெயர் என்ற இடத்தில் என் பேனா நின்றது. பிறகு கங்காணியின் பெயரை எழுதினேன். மாமியாருடைய உண்மையான தகப்பன் கடலுக்கு அப்பால் எந்த ஊரில், எந்தப் பெயரோடு முடிந்துபோனாரோ, அந்தக் கோடு என் தாளில் இன்னும் வெறுமையாகத்தான் நிற்கிறது. இரவில் விழிப்பு வந்தால் முதலில் நினைவுக்கு வருவது அந்த வெற்றிடம்தான்.

இப்போது அந்த அரக்குச் சேலையை வெயிலில் போடுவது என் வேலையாகிவிட்டது. போன மாதம் ஒரு பழைய திருமணப் பதிவின் பிரதி எழுதும்போது தகப்பன் பெயராக அதே கங்காணியைக் கண்டேன். நானுஓயாவில் தனியாக இருக்கும் ஒரு பெண். பிரதி வாங்க அவரே வந்திருந்தார், ஓய்வூதிய விஷயம். "ஒங்களுக்கு அண்ணன் தம்பி இருக்காங்களாம்மா?" என்று கேட்டேன். "எனக்கு யாரும்மா இருக்கா?" என்றார். அதற்கு மேல் என்ன சொல்வது? உயிரோடு இருக்கிற ஒருவரிடம் உங்களுக்குக் கோடி தயாராக இருக்கிறது என்று சொல்ல முடியுமா? அடுத்த ஞாயிறு அக்கரப்பத்தனைக்காரரையும் கூட்டிக்கொண்டு சும்மா பார்க்கப் போகலாம் என்றிருக்கிறேன். முதலில் பிஸ்கட்டும் பழமும்தான் கொண்டுபோக வேண்டும்.

இன்று காலை வெயில். சேலையின் ஒரு பக்கம் சூடேறி, மறுபக்கம் திருப்பும்போது, கொழுந்துக்குப் போன ஒரு பெண் நின்று கேட்டாள்: "யாருக்குங்கக்கா, புதுசா இருக்கு?"

"எங்க அத்தையோட தங்கச்சிக்கு" என்றேன்.